சிந்துதுர்க் போகும் முன் நாட்காட்டியைப் பாருங்கள்

மகாராஷ்டிரத்தின் தென்கோடியில், மால்வண் கரையில் நின்று பார்த்தால் சிந்துதுர்க் கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். நடுவே இருப்பது ஏறக்குறைய அரை கிலோமீட்டர் கடல்தான். வந்திருக்கும் கேள்விகளில் பாதி அந்த அரை கிலோமீட்டரைப் பற்றியவை. படகுக் கட்டணமும் ரயில் நேரமும் அடிக்கடி மாறுபவை என்பதால் அவற்றை இங்கே தரவில்லை. மாறாதவற்றைப் பார்ப்போம்.

*மே மாத விடுமுறையில் பெரியவர்கள் நால்வரும் சிறுவர்கள் இருவருமாகப் போக நினைக்கிறோம். அது சரியான காலமா?*
— வாசகி, தஞ்சாவூர்

மே முதல் பாதியில் கோட்டையைப் பார்த்துவிடலாம், ஆனால் ரசிப்பது கடினம். கோட்டைக்குள் நிழல் குறைவு. வெயிலோடு கடற்காற்றின் ஈரமும் சேர்ந்தால் காலை பத்து மணிக்கே சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மே கடைசி வாரம் என்றால் வேண்டவே வேண்டாம். தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முன்னதாக, மே 25ஐ ஒட்டிப் பயணிகள் படகுகளை நிறுத்திவிடுவார்கள். பிறகு செப்டம்பர் தொடக்கத்தில்தான் ஓடும். கடைசி நாள்வரை படகு ஓடுவதால் கடைசி நாள்வரை கடல் அமைதியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்துத் தார்கர்லியில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருவர் இறந்தது 2022 மே மாதக் கடைசி வாரத்தில்தான்.

தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறைகளில் பொங்கல்தான் இதற்குச் சரியாக அமைகிறது. ஜனவரியில் கடல் அடங்கியிருக்கும், வெயிலும் தாங்கும். அரையாண்டு விடுமுறையில் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மும்பை, புனே, கோலாப்பூர்க் கூட்டம் முழுவதும் மால்வணில்தான் இருக்கும். அறை வாடகையும் ஏறிவிடும், படகுத்துறையில் வரிசையும் நீளும். காலாண்டு விடுமுறையில் போனால் ஊர் பச்சைப்பசேலென்று இருக்கும், கோட்டை மதிலில் புல் முளைத்திருக்கும். கடல் மட்டும் கொஞ்சம் கலங்கலாக இருக்கலாம். எந்த மாதம் போனாலும் சனி, ஞாயிறு தவிர்த்து, செவ்வாய் முதல் வியாழனுக்குள் ஒரு நாளைக் கோட்டைக்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று: மூன்று இரவு தங்குவதாக இருந்தால் கோட்டையை முதல் காலையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பலர் ‘முக்கியமானது கடைசியில்’ என்று திட்டமிடுகிறார்கள். அன்றைக்குக் காற்று வலுத்துப் படகை நிறுத்திவிட்டால் கரையிலிருந்தே கும்பிட்டுவிட்டு ரயில் ஏற வேண்டியதுதான். முதல் நாள் தவறினால் அடுத்த நாள் கையில் இருக்கும்.

*எப்படிப் போவது? நேரடி ரயில் உண்டா?*
— வாசகர், நாகர்கோவில்

மால்வணுக்கு ரயில் நிலையம் கிடையாது. கொங்கன் ரயில் பாதையில் இருக்கும் குடாள் நிலையத்தில் இறங்கிச் சுமார் 30 கி.மீ. போக வேண்டும். ஆட்டோ உண்டு, மகாராஷ்டிர அரசின் எஸ்.டி. பஸ்ஸும் உண்டு. நான்கு பேருக்கு மேல் மூட்டை முடிச்சோடு போனால் தங்கப்போகும் இடத்தில் சொல்லி முன்கூட்டியே வண்டி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. மாலையில் இருட்டியபின் குடாளில் இறங்கினால் பஸ்ஸை நம்பியிருக்க முடியாது.

உங்கள் ஊர்ப் பக்கமிருந்து கொங்கன் வழியாக மும்பை, குஜராத் போகும் வாராந்திர ரயில்கள் உண்டு. எல்லாம் குடாளில் நிற்பதில்லை. நிற்காத ரயில் என்றால் கோவாவின் மட்காவில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். அங்கிருந்து மும்பை நோக்கிக் காலையில் மாண்டவி எக்ஸ்பிரஸும் மாலையில் கொங்கன் கன்யாவும் கிளம்பும். இரண்டும் குடாளில் நிற்கும், சுமார் இரண்டு மணி நேரப் பயணம். ஜூன் முதல் அக்டோபர் வரை அந்தப் பாதைக்குத் தனியாக மழைக்கால அட்டவணை போடுவார்கள், ரயில்கள் மெதுவாகப் போகும். காலாண்டு விடுமுறையில் போகிறவர்கள் மட்காவில் இணைப்பு ரயிலுக்கு ஒரு மணி நேர இடைவெளி மட்டும் விட்டு முன்பதிவு செய்யாதீர்கள்.

விமானம் என்றால் வடக்கு கோவாவின் மோபாவில் இறங்குவது வசதி. அங்கிருந்து மால்வண் காரில் இரண்டு மணி நேரம். மால்வணுக்குப் பக்கத்திலேயே சிப்பியில் 2021இல் ஒரு விமான நிலையம் திறந்தார்கள். விமானங்கள் குறைவு, அதை நம்பி விடுமுறை நாளைக் குறிக்க வேண்டாம்.

*‘ஏற்றம் பார்த்துப் போங்கள்’ என்று மால்வண் போய்வந்த உறவினர் சொன்னார். அது என்ன கணக்கு? அரை கிலோமீட்டருக்கு அவ்வளவு யோசிக்க வேண்டுமா?*
— வாசகர், சேலம்

தூரத்தை வைத்துப் பார்த்தால் வேண்டாம்தான். படகில் ஏறி இறங்கும் அந்த இரண்டு நிமிடத்தை வைத்துப் பார்த்தால் வேண்டும்.

கடல் ஒரு நாளில் ஏறக்குறைய இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் உச்ச ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் நேரம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உயர வேறுபாடு ஏறக்குறைய ஒரு மீட்டர்தான், நாம் கவனிப்பதே இல்லை. மால்வணில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது இரண்டு மீட்டரைத் தொடும். இரண்டு மீட்டர் என்றால் ஓர் ஆள் உயரத்துக்கும் மேல். ஏற்றத்தில் படகின் விளிம்பும் படித்துறையும் ஒரே மட்டத்தில் இருக்கும், பாட்டிகூடக் காலை எடுத்து வைத்துவிடலாம். நல்ல வற்றத்தில் அதே படகு கீழே கிடக்கும். வழக்கமாகத் தண்ணீருக்குள் இருக்கும் படிகள் வெளியே வந்து பாசியோடு பளபளக்கும். வழுக்கி விழுபவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள். கோட்டையைச் சுற்றிலும் பாறைகள் தலைகாட்டுவதால் படகுக்காரர் நேராகப் போகாமல் பாறைகளுக்கு நடுவே இருக்கும் ஓடையைப் பிடித்து வளைந்து போவார்.

இதற்கு வீட்டில் தொங்கும் தினசரி நாட்காட்டி போதும். அமாவாசை, பௌர்ணமியும் அவற்றுக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்களும் இந்தக் கரையில் ஏற்றம் முற்பகலில் உச்சமடையும், மாலையில் நன்றாக வற்றும். அந்த நாட்களில் காலை 9 மணிக்கு ஏறி 11 மணிக்குத் திரும்பினால் போகவர இரண்டு பக்கமும் தண்ணீர் நிறைந்திருக்கும். மாலை நாலு மணிப் படகு அன்றைக்கு வேண்டாம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் இது அப்படியே தலைகீழ், முற்பகலில் வற்றம். ஆனால் அஷ்டமியில் ஏற்றமும் பெரிதாக இருக்காது, வற்றமும் ஆழமாக இருக்காது. அதனால் அன்றைக்கு நேரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, முதல் படகைப் பிடித்தால் போதும். திதிக் கணக்கு நாளைத் தேர்வு செய்யத்தான். சரியான நேரத்தை முதல் நாள் மாலையே படகுத்துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கு ‘பர்தி’, வற்றத்துக்கு ‘ஓஹோட்டி’ என்பது மராத்தி. இந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிக் கேட்டாலே படகுக்காரர் உங்களிடம் பேசும் விதம் மாறும்.

காலையைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிற்பகலில் நிலம் சூடேறியதும் கடலிலிருந்து காற்று எழும். அலை சின்னதுதான், ஆனாலும் படகு ஆடிக்கொண்டே இருக்கும்போது கைக்குழந்தையோடு இறங்குவது சிரமம்.

*படகில் போனால் ஒரு மணி நேரம்தான் தருகிறார்களாம். 48 ஏக்கர் கோட்டையை அதற்குள் எப்படிப் பார்ப்பது?*
— வாசகி, மதுரை

முழுவதும் பார்க்க முடியாது. மதிலின் சுற்றளவே ஏறக்குறைய 3 கி.மீ. மேடு பள்ளத்தில் அதைச் சுற்றிவரவே ஒன்றரை மணி நேரம் வேண்டும். எதை விடுவது என்று முன்பே முடிவு செய்துகொண்டு போனால் ஒரு மணி நேரம் நிறைவாக இருக்கும். முடிவு செய்யாமல் போகிறவர்கள் வாசலில் படம் எடுப்பதிலேயே இருபது நிமிடத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

முதலில் வாசலையே கவனியுங்கள். படகு நெருங்கும்போது உங்கள் கண்ணுக்கு மதில் மட்டும்தான் தெரியும், வாசல் தெரியாது. வளைந்த இரண்டு கொத்தளங்கள் ஒன்றையொன்று மறைத்தபடி நிற்கின்றன. அவற்றுக்கு இடையே புகுந்து திரும்பினால்தான் கதவு. வெளியிலிருந்து கதவை நேராகக் குறிபார்த்துச் சுட முடியாது. யானையோ உத்தரமோ கொண்டு ஓடிவந்து முட்டவும் இடம் கிடையாது. பிள்ளைகளிடம் ‘வாசல் எங்கே, கண்டுபிடி’ என்று படகிலேயே சொல்லிவிடுங்கள், பத்து நிமிடம் அமைதியாக வருவார்கள்.

உள்ளே நுழைந்ததும் சின்ன மாருதி சன்னதி. அதை அடுத்து வாசலுக்கு மேலே மதிலுக்கு ஏறும் படி. பலர் இதை விட்டுவிட்டு நேரே கோயிலுக்கு நடக்கிறார்கள். ஏறிப் பாருங்கள். மேலே இரண்டு குட்டி மண்டபங்கள் இருக்கும். குனிந்து எட்டிப் பார்த்தால் ஒன்றில் சுண்ணாம்பில் பதிந்த கைத்தடம், மற்றதில் கால்தடம். சிவாஜியுடையவை என்று வணங்குகிறார்கள். அரண்மனையும் சிம்மாசனமும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு இது ஒன்றுமில்லாததாகத் தெரியலாம். ஆனால் இந்தக் கோட்டையில் மனதில் நிற்பது இதுதான்.

அடுத்தது சிவராஜேஸ்வரர் கோயில். சிவாஜியையே மூலவராக வைத்து அவர் மகன் ராஜாராம் 1695இல் கட்டியது. படங்களில் பார்த்துப் பழகிய தாடி இந்தச் சிலைக்குக் கிடையாது, அதைச் சொல்லிக் கூட்டிப்போங்கள். வாசலிலிருந்து இங்கே வர நிதானமாக நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். வழியில் கிணறுகள் வரும். திரும்பும்போது மதிலின் ஒரு பகுதியிலாவது ஏறி நூறு அடி நடந்து வாருங்கள். மதில் நேர்கோடாக இல்லாமல் பாறையின் போக்கில் வளைந்து வளைந்து போவதும், ஒரு கொத்தளத்திலிருந்து பக்கத்துக் கொத்தளத்தின் காலடிவரை கண்காணிக்க முடிவதும் அங்கே நின்றால்தான் புரியும். 42 கொத்தளங்கள், 30 அடி உயரம், 12 அடி கனம் என்று எழுதிவைத்திருப்பதைப் படிப்பதைவிட அது மேல். மதிலுக்குள்ளேயே கழிப்பறைக் குழிகளும் கட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும்விட அதுதான் பிடிக்கும்.

ஒரு மணி நேரம் என்பதைக் கரையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். அது படகு புறப்பட்டதிலிருந்தா, கோட்டையில் இறங்கியதிலிருந்தா என்று கேளுங்கள். வழக்கமாகப் போன படகிலேயே திரும்ப வேண்டும். எல்லாப் படகும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஏறும்போதே உங்கள் படகின் பெயரையும் எண்ணையும் கைப்பேசியில் படமெடுத்து வையுங்கள். தவறவிட்டால் அடுத்த படகில் இடம் இருக்கும்வரை காத்திருக்க வேண்டும், ஆறு பேருக்கு ஒரே படகில் இடம் கிடைக்காது. கூடுதல் நேரம் வேண்டுமென்றால் வார நாளில் முதல் படகில் போய், இரண்டாவது நடையில் திரும்புவதாக முன்கூட்டியே பேசிவிடுங்கள். கோட்டையில் இறங்கியபிறகு பேரம் பேசினால் எடுபடாது.

*மாமியாருக்கு 72 வயது, மூட்டு வலி. குழந்தைக்கு இரண்டு வயது. இருவரையும் அழைத்துப் போகலாமா?*
— வாசகி, ஈரோடு

மாமியார் வீட்டுப் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தனியாக ஏறி இறங்குவார் என்றால் ஏற்ற நேரத்தில் தாராளமாக வரலாம். கோயில்வரை உள்ள பாதை பெரும்பாலும் சமதளம், கல்லும் மண்ணும் கலந்தது. ஊன்றுகோல் உதவும், சக்கர நாற்காலி ஓடாது. மதில் படி மட்டும் வேண்டாம். படிகளின் உயரம் ஒன்றுபோல் இல்லை, பிடிமானமும் இல்லை. படகில் ஏறும்போது ஒருவர் முதலில் ஏறி உள்ளே நின்று கைகொடுக்க வேண்டும், ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். படகு அலையில் மேலே எழும் நொடியில் காலை வைக்கச் சொல்லுங்கள். கீழே இறங்கும்போது வைத்தால்தான் முழங்கால் மடங்கும். உட்கார நடுப்பகுதி நல்லது, முனையில் ஆட்டம் அதிகம்.

குழந்தை விஷயத்தில் லைஃப் ஜாக்கெட்தான் கேள்வி. பெரியவர்களுடையதைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை கீழே நழுவும். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பெரிது. சின்ன அளவு கேளுங்கள், கவட்டுப் பட்டை இருப்பது இன்னும் நல்லது. இல்லையென்றால் உங்கள் ஊரிலேயே ஒன்று வாங்கி எடுத்துப்போங்கள், அதிக எடையில்லை. குழந்தையைத் துணியால் உடம்போடு கட்டிக்கொண்டு அதன்மேல் ஜாக்கெட் போடுவது கூடவே கூடாது.

மதிலின் உள்பக்கம் பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. நான்கு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் அங்கே ஓடக் கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

கழிப்பறைக்குக் கரையிலேயே போய்விட்டு ஏறுங்கள், கோட்டையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஆளுக்கு முக்கால் லிட்டர் தண்ணீர், தொப்பி, பின்பட்டை உள்ள ரப்பர் செருப்பு. இவற்றுக்கு மேல் ஒன்றும் வேண்டியதில்லை. கோட்டைக்குள் இன்றும் சில குடும்பங்கள் வசிக்கின்றன, அவர்களிடம் மோர், கோகம் என்ற புளிப்புப் பழத்தின் சர்பத் கிடைக்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

*நாற்புறமும் கடல் சூழ்ந்த தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எப்படி?*
— மாணவர், திருச்சி

‘தூத் பாவ்’, ‘தஹி பாவ்’, ‘சாகர் பாவ்’ என்று மூன்று கிணறுகள். பால், தயிர், சர்க்கரை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மால்வண் பக்கம் மழை கொட்டித் தீர்க்கும், ஆண்டுக்கு இரண்டு மீட்டருக்கும் மேல். தீவில் விழும் மழை மண்ணிலும் பாறை இடுக்கிலும் இறங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. அதனால் கலந்துவிடாமல் அதன் மேலே ஒரு படலமாகத் தங்குகிறது. அந்தப் படலத்தின் ஆழத்தோடு நிறுத்திக் கிணறு தோண்டினால் இனிப்புத் தண்ணீர். பேராசைப்பட்டு இன்னும் ஆழமாகத் தோண்டினாலோ, மோட்டார் போட்டு உறிஞ்சினாலோ உப்பு மேலே ஏறிவிடும். ராமேஸ்வரம் தீவில் வாளி விட்டு இறைக்கும் நல்ல தண்ணீர்க் கிணறுகளுக்கும் இதே கணக்குதான்.

*செஞ்சிக்கும் சிந்துதுர்க்குக்கும் ஒரே உலக மரபுச் சின்னப் பட்டமாமே? என்ன தொடர்பு?*
— வாசகர், விழுப்புரம்

2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியரின் 12 கோட்டைகளைச் சேர்த்து ஒரே மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன, மீதி ஒன்று உங்கள் செஞ்சி. சிந்துதுர்க்குக்கு சிவாஜி 1664 நவம்பர் 25 அன்று பூசை போட்டார். மால்வண் கரையில் ‘மோரயாசா தோண்டா’ என்ற பாறையில் அந்தப் பூசை நடந்தது. பிள்ளையார், சூரியன், சந்திரன் செதுக்கிய அந்தப் பாறையை இன்றும் காட்டுவார்கள். வேலையை முன்னின்று நடத்தியவர் ஹிரோஜி இந்துல்கர். அடித்தளக் கற்களைப் பிணைக்க 4,000 பவுண்டு, அதாவது 1,800 கிலோவுக்கும் மேல் ஈயம் உருக்கி ஊற்றியதாகச் சொல்வார்கள். 1667இல் வேலை முடிந்தது. பத்தாண்டு கழித்து 1677இல் அதே சிவாஜி செஞ்சியைப் பிடித்தார்.

பின்னால் முகலாயர் நெருக்கியபோது ராஜாராம் தெற்கே ஓடிவந்து செஞ்சியிலிருந்துதான் சில ஆண்டுகள் ஆட்சி நடத்தினார். 1698இல் கோட்டை முகலாயர் கைக்குப் போவதற்குள் அவர் தப்பிவிட்டார். சிந்துதுர்க்கில் தந்தைக்கு எழுப்பிய கோயிலின் ஆண்டு 1695 என்று மேலே சொன்னோம் அல்லவா, அப்போது மகன் இருந்தது செஞ்சி மலையில். செஞ்சியின் ராஜகிரி மலை ஏறிய கால்களோடு மால்வண் போகிறவர்களுக்கு அந்தச் சின்னக் கோயில் வேறு மாதிரி தெரியும்.

1765இல் ஆங்கிலேயர் சிந்துதுர்க்கைப் பிடித்து ‘ஃபோர்ட் அகஸ்டஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் நிலைக்கவில்லை.

*ஜஞ்சிரா கோட்டையும் கடலுக்குள்தான் இருக்கிறது. குடும்பத்தோடு போக எது நல்லது?*
— வாசகர், கோவை

முதியவர், குழந்தை இருந்தால் சிந்துதுர்க். தயங்காமல் சொல்லலாம். மும்பைக்குத் தெற்கே சுமார் 165 கி.மீ. தொலைவில் முருட் பக்கத்திலுள்ள ஜஞ்சிராவுக்கு ராஜ்புரியிலிருந்து பாய்மரப் படகில் போக வேண்டும். படகு கோட்டை வாசற்படியை ஒட்டி அலையில் எழுந்து தாழ்ந்துகொண்டிருக்கும், அதிலிருந்து கல்படிக்குத் தாவ வேண்டும். கட்டடம் என்று பார்த்தால் ஜஞ்சிரா ஒரு படி மேல். அந்த மதிலும் பெரிய பீரங்கிகளும் சிந்துதுர்க்கில் கிடைக்காது. ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளின் கோட்டை அது. சிவாஜியாலும் பிடிக்க முடியவில்லை. அவர் மகன் சம்பாஜி 1682இல் கடலையே கல்லால் தூர்த்துப் பாதை போடப் பார்த்தார், அதுவும் நடக்கவில்லை. மராட்டியரிடம் சிக்காததால் மேலே சொன்ன யுனெஸ்கோ பட்டியலிலும் அது இல்லை! கல்லூரிப் பிள்ளைகள் என்றால் ஜஞ்சிராவுக்கே போகலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காக மூடியிருக்கும்.

*நாங்கள் சைவம். கணவர் மட்டும் மீன் சாப்பிடுவார். சாப்பாட்டுக்கு என்ன செய்வது?*
— வாசகி, கும்பகோணம்

கணவருக்குக் கொண்டாட்டம். அங்கே சுர்மை என்றால் வஞ்சிரம், பாப்லேட் என்றால் வாவல், பாங்கடா என்றால் அயிலை, திஸ்ர்யா என்றால் மட்டி. மால்வண் மசாலாவில் தேங்காய் வறுத்து அரைப்பார்கள், காரம் நமக்குப் புதிதல்ல.

உங்களுக்கு ஆம்போளி இருக்கிறது. நம் தோசையின் ஒன்றுவிட்ட தங்கை, கொஞ்சம் தடிமன். காவன் அரிசி மாவில் மெல்லிசாக ஊற்றுவது. இரண்டையும் காலை உணவாகக் கறுப்புப் பட்டாணி உசலோடு (மசாலாக் குழம்பு) தருவார்கள். சைவத் ‘தாலி’ (தட்டுச் சாப்பாடு) எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் மீன் பொரிக்கும் அதே அடுக்களையில்தான் சமையல். அது ஆகாது என்றால் ‘சுத் ஷாகாஹாரி’ என்று பலகை வைத்த இடமாகத் தேடிப் போங்கள். சோல்கடி என்பது தேங்காய்ப் பாலும் கோகமும் சேர்ந்த இளஞ்சிவப்புப் பானம், சாப்பாட்டுக்குப் பின் குடிப்பது. வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் படகு ஏறாதீர்கள். ஊருக்கு வாங்கிவர மால்வணி காஜா நல்லது. கடலை மாவுக் குச்சியில் வெல்லமும் இஞ்சியும் பூசியது, வாரக்கணக்கில் கெடாது.

*தார்கர்லியில் ஸ்கூபா முக்குளிப்பு இருக்கிறதாம். 9 வயது மகன் அடம்பிடிக்கிறான்.*
— வாசகர், சென்னை

வேண்டாம். கடலில் அறிமுக முக்குளிப்புக்குக்கூடப் பரவலாகப் பின்பற்றப்படும் குறைந்தபட்ச வயது 10. ‘பரவாயில்லை சார், கூட்டிப்போகிறோம்’ என்று சொல்பவர்கள் கிடைப்பார்கள், அப்படிச் சொல்வதே அவர்களைத் தவிர்க்கக் காரணம். அவனுக்கு ஆழமில்லாத இடத்தில் முகமூடியும் மூச்சுக்குழாயும் போட்டு ஸ்நார்க்கலிங் போதும்.

நீங்கள் இறங்குவதாக இருந்தால் அன்றைக்குச் சளி இருக்கக் கூடாது. மூக்கடைத்திருந்தால் காதுக்குள் அழுத்தத்தைச் சமன் செய்ய முடியாது. மூன்று மீட்டர் ஆழத்திலேயே காது வலி தாங்காது, வலியோடு மேலும் இறங்கினால் செவிப்பறை கிழியலாம். ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. முக்குளித்தபின் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம், முடிந்தால் 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். மகாராஷ்டிர சுற்றுலாக் கழகத்தின் முக்குளிப்புப் பயிற்சி மையம் தார்கர்லியிலேயே இருக்கிறது, முதலில் அங்கே விசாரியுங்கள். இந்தக் கடல் 1987 முதல் மால்வண் கடல்வாழ் உயிரினச் சரணாலயம். பவளத்துண்டு, உயிருள்ள சங்கு எதையும் எடுத்து வரக் கூடாது.

*படகு ஓடாத நாளில் மாட்டிக்கொண்டால் என்ன பார்க்கலாம்? வற்றத்தில் பக்கத்துப் பத்மகட் தீவுக்கு நடந்தே போகலாம் என்கிறார்களே?*
— வாசகர், புதுச்சேரி

படகு இல்லாத நாளில் விஜய்துர்க் போங்கள். வடக்கே காரில் சுமார் இரண்டு மணி நேரம். கடல் மூன்று பக்கமும் சூழ்ந்திருந்தாலும் நிலத்தோடு ஒட்டிய கோட்டை, நடந்தே உள்ளே போகலாம். மூன்றடுக்கு மதில். வழியில் குண்கேஷ்வர் சிவன் கோயில் கடற்கரையிலேயே இருக்கிறது. அவ்வளவு தூரம் முடியாது என்றால் மால்வண் படகுத்துறையிலிருந்து நடக்கும் தூரத்திலுள்ள ராஜ்கோட். அங்கே இருந்த சிவாஜி சிலை 2024 ஆகஸ்டில் விழுந்தது, அதைவிட உயரமான புதிய சிலையை 2025இல் நிறுத்தியிருக்கிறார்கள். அங்கிருந்து சிந்துதுர்க்கின் முழு நீளமும் தெரியும்.

பத்மகட்டுக்கு நல்ல வற்றத்தில் மணல்திட்டு வழியாக நடப்பது உண்டு. உள்ளூர் மீனவர் ஒருவர் கூட வந்தால் மட்டும் போங்கள். தண்ணீர் மிகக் குறையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், அது குறைந்து முடிந்ததும் திரும்பிவிட வேண்டும். ஏற்றம் தொடங்கிய முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் மெதுவாகத்தான் ஏறும், அதைப் பார்த்து ‘இன்னும் நேரமிருக்கிறது’ என்று உட்கார்ந்துவிடுவார்கள். மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில்தான் அது வேகம் எடுக்கும். அப்போது மணல்திட்டின் நடுப்பள்ளம் முதலில் நிரம்பும். கரைப் பக்கமும் தீவுப் பக்கமும் காய்ந்த மணலாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே நடுவில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும்.